பின்குறியில் பித்தளைத் தடம்

வலது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் பிரித்த மறுநாள், வெர்லீன் ஹாஸ்கெட் எங்கள் கடை வாசலில் நின்று என் பிக்கப் வண்டியையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

"மார்னா, இதுக்கு எப்ப நீல பெயிண்ட் அடிச்ச?"

"அடிக்கலடி. வாங்கின நாள்லேருந்தே நீலந்தான்."

"பொய் சொல்லாத. சாம்பல் கலர்ல இருந்துச்சு."

"உன் கண்ணு சாம்பலா இருந்துச்சு."

அவள் தலையைத் தூக்கி மேற்கே பார்த்தாள். விண்ட் ரிவர் மலைகள் எங்களுக்கெல்லாம் சுவர்க் கடிகாரம் மாதிரி, இருப்பதையே மறந்துவிடுவோம். வெர்லீன் அவற்றைப் பார்த்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மலையில மடிப்பு இருக்குடி. பனி மேல நிழல் விழுது. நிழல் ஊதாவா இருக்கு" என்றாள். கன்னத்தில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை அவளுக்கு.

எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் வண்டியில் சுற்றித் தபால் போடுகிறவள் அவள். நான் ஆணி, சுத்தியல், மாட்டுத் தீவனம் எல்லாம் விற்கும் கடை வைத்திருக்கிறேன். இருவரும் ஒரே துப்பாக்கிக் கிளப்பில் உறுப்பினர்கள். கிளப் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு வெளியே பழைய சரளைக் குழி, நாலு மேசை, குறி அட்டை மாட்ட மரச்சட்டங்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அங்கே கூடுவோம். வெர்லீனிடம் ஒரு நாற்பத்தைந்து காலிபர் பிஸ்டல் இருந்தது. பல் துலக்கும் பிரஷ் மாதிரி அதைப் பிறர் தொட விடமாட்டாள். அதை வைத்துக்கொண்டு பல வருடங்களாகக் கிளப் போட்டிக் கோப்பையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருந்தாள்.

கண் மங்கியது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் டாக்டரிடம் போனால் தபால் வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். கடைசியில் ஒரு பண்ணை வாசலில் தபால் பெட்டியை இடித்துச் சாய்த்த பிறகுதான் போனாள்.

இனிச் சுடலாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த முதல் ஞாயிறு, புதுக்கண்ணோடு அவள் குழிக்கு வந்தாள். எல்லோரும் கைதட்டினோம். இருபத்தைந்து கஜத்தில் அட்டை. நிதானமாக ஐந்து தோட்டா சுட்டாள். அட்டையைப் போய்ப் பார்த்தோம். நடு வட்டத்தில் ஒன்றுமில்லை. ஓட்டைகள் எல்லாம் ஒரு கை அகலம் இடது பக்கம் தள்ளிக் கிடந்தன.

கஸ் ப்ரூயிட் சும்மா இருப்பானா? வருடாவருடம் அவளிடம் தோற்று இரண்டாவது வருகிறவன். "கண்ணு வந்துச்சு, குறி போச்சு! வெர்லீன், அந்தப் புரைய டாக்டர்கிட்ட திருப்பிக் கேட்டு வாங்கிக்கோ" என்றான்.

"உன் வாயில வெச்சு அடைக்க வேணா கேட்டு வாங்கறேன்" என்றாள் அவள். ஆனால் முகம் வெளுத்திருந்தது. மறுபடி சுட்டாள். அதே இடது பக்கம். பிறகு, யாருமே எதிர்பாராத விதமாக, பிஸ்டலை என் கையில் கொடுத்தாள். "நீ சுடு."

நான் சுட்டேன். என்னுடையவை அவளுடையவற்றைப் போல ஒன்றாக நெருங்கி விழவில்லை, சிதறித்தான் விழுந்தன. ஆனாலும் எல்லாம் இடது பக்கம்.

"அப்ப கையில கோளாறு இல்ல. துப்பாக்கிதான் கோணல்" என்றேன்.

"கோணல்னா இத்தனை வருஷமா எப்படி அடிச்சேன்?" என்றாள் வெர்லீன். எனக்கும் அதுதான் புரியவில்லை.

பிஸ்டலில் குறி பார்க்க இரண்டு துண்டுகள் உண்டு. நுனியில் ஒரு முள், அது முன்குறி. பின்னால் நடுவில் பிளவுபட்ட ஒரு குட்டித் தகடு, அது பின்குறி. முள்ளைப் பிளவுக்கு நடுவில் நிறுத்திச் சுடவேண்டும். இரண்டும் குழலை மூடியிருக்கும் ஸ்லைடு என்ற இரும்பின் மேல் வெட்டிய சாய்வான காடிகளில் இறுகச் செருகியிருக்கும். சரிசெய்யக் காஸ்பர் நகரத்துத் துப்பாக்கிக் கடையில் கேட்டோம். இலையுதிர் காலத்துக்குப் பிறகு கொண்டுவாருங்கள் என்றார்கள். போட்டியோ அடுத்த மாதம்.

"நாமளே செய்யலாம்" என்றாள் வெர்லீன். "அப்படியே பச்சைப் புள்ளி வெச்ச புது முன்குறியும், அதுக்குப் பொருந்தற புதுப் பின்குறியும் போடலாம். பாக்கக் கண்ணு இருக்கு, பாக்கறதுக்கு அழகா ஒண்ணு வேணாமா?"

திங்கட்கிழமை என் கடை மேசையில் விலைப்பட்டியல்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தோம். குறியைத் தள்ளுவதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. ஸ்லைடை உள்ளே வைத்து இறுக்கி, ஒரு திருகைச் சுற்றினால் குறி மெல்ல நகரும். நல்லதாக வாங்கினால் பாதிப் பிஸ்டல் விலை. மலிவானதும் உண்டு.

"இது போதாது?" என்று மலிவானதைத் தொட்டாள்.

"போன வருஷம் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு. இறுக்கமான குறியத் தள்ளினா குறி நகரல, கருவிதான் வளைஞ்சுது. திருப்பிக் கொண்டாந்து என் தலையில கட்டிட்டாரு."

"அப்ப சுத்தியலால தட்டற பஞ்ச் கம்பி?"

"அதுவும் நல்லதுதான். ஆனா இரும்புப் பஞ்ச் வேணாம், ஸ்லைடக் கீறிடும். பித்தளைதான் வேணும். பித்தளை இரும்பவிட மெத்து, அடிச்சா தானே நசுங்கும், துப்பாக்கிக்கு வடு வராது. கொஞ்சம் மஞ்சளா ஒட்டும், துடைச்சா போயிடும்."

இதையெல்லாம் கேட்டபடி அவள் என் அலமாரியில் தொங்கிய பஞ்ச் பாக்கெட்டைத் தூரத்திலிருந்தே படித்துக்கொண்டிருந்தாள், அடியில் இருந்த பொடி எழுத்து உட்பட. எங்கே செய்தது, எந்த வயதுக்கு மேற்பட்டவர்கள் உபயோகிக்கவேண்டும், எல்லாவற்றையும். அவளுக்கு அது ஒரு விருந்து.

கடைசியில் பித்தளைப் பஞ்ச், நைலான் தலை வைத்த சின்னச் சுத்தியல், ஒரு பக்க ஓரத்தில் பல் இல்லாத குட்டி அரம், இவற்றை என் கடையிலேயே எடுத்தோம். புதுக் குறிகளைத் தபாலில் வரவழைத்தோம். தள்ளும் கருவிக்கு அடகுக் கடைக்குப் போனோம். ஒரு மூலையில் மீன்பிடித் தூண்டில்களுக்கு அடியில் ஒன்று கிடந்தது. கனமான பழைய உருப்படி. யாரும் சீண்டாமல் கிடந்ததால் புது மலிவுக் கருவியைவிட மலிவாகவே கடைக்காரன் கொடுத்தான். சாமானைப் பிடித்து இறுக்கும் வைஸ் வெர்லீன் வீட்டுக் கொட்டகையில் ஏற்கெனவே இருந்தது.

வைஸ் லோவலுடையது. லோவல் அவள் கணவன், கவுண்டி சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன். நாங்கள் வாங்கி வந்ததைப் பார்த்ததும் அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அத நான் பண்றேனே. வெச்சிட்டுப் போங்க, ராத்திரிக்குள்ள முடிச்சிடறேன்" என்றான்.

"எதுக்கு? புதுக்கண்ணு எனக்கா உனக்கா?" என்றாள் வெர்லீன். அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். அப்போது அது பெரிதாகத் தோன்றவில்லை.

கொட்டகையில் ஜன்னலுக்கு நேரே மேசை. தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றினோம், குழல் அறையில் தோட்டா இல்லை என்று அவள் பார்த்தாள், பிறகு நான் பார்த்தேன். ஸ்லைடைத் தனியே கழற்றி வெர்லீன் வெளிச்சத்தில் பிடித்தாள். நெடுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

"மார்னா, இத யாரோ தொட்டிருக்காங்க."

பின்குறியின் வலது பக்கத்தில் மஞ்சள் தீற்றல். ஒன்றல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக, சில மங்கி, சில புதிதாக. பித்தளை. பின்குறியைப் பிடித்து நிறுத்தும் கடுகளவு திருகின் தலை, அதைத் திருகும் ஆலன் கீ பலமுறை பட்டுப் பளபளத்தது. குறி நடுவில் இல்லை, இடது பக்கம் தள்ளி நின்றது. எவ்வளவு என்று பார்க்க அவள் தன் வங்கி அட்டையை விளிம்பில் வைத்துப் பார்த்தாள். அட்டையின் கனம். அவ்வளவுதான். அட்டையின் கனம் இங்கே நகர்ந்தால் இருபத்தைந்து கஜத்தில் ஒரு கை அகலம். எனக்கு அது தெரிந்த கணக்குதான். ஆனாலும் அந்த மெல்லிய பிளாஸ்டிக்கை அங்கே பார்த்தபோது மூக்கு படும்படி குனிந்தேன்.

வைஸின் தாடைகளில் பழைய சேணத் தோல் ஒட்டியிருந்தது. கீழே இழுப்பறையைத் திறந்தாள். கந்தல் துணியில் சுற்றி ஒரு பித்தளை போல்ட். கழிப்பறைப் பீங்கானைத் தரையோடு இறுக்குவதற்கு நான் கடையில் விற்கிறேனே, அதே போல்ட். நுனியை அரத்தால் தட்டையாக, வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தது.

வெர்லீன் அதை மேசைமேல் நிறுத்திவைத்தாள். லோவல் வரும்வரை நாங்கள் எதையும் தொடவில்லை.

சாயங்காலம் அவன் உள்ளே வந்தான், போல்ட்டைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

"எப்பலேருந்து?" என்றாள்.

"நாலஞ்சு வருஷம் இருக்கும்."

"என் துப்பாக்கிய, என்கிட்ட கேக்காம, கக்கூஸ் போல்ட்டால!"

"நல்ல பித்தளை வெர்லீன் அது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் பார்த்த பார்வையில் அடங்கிப்போனேன்.

"நீ ஞாயித்துக்கிழமை அட்டையக் கொண்டாந்து ஃபிரிட்ஜுல ஒட்டுவியே" என்றான் லோவல். "அதப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வசந்த காலத்துல எல்லாம் வலது பக்கமா நகர ஆரம்பிச்சுது. கொஞ்சம் கொஞ்சமா. நீ ஒண்ணும் சொல்லல. ஆனா அன்னிக்கெல்லாம் சாப்பிட மாட்ட. சரின்னு நீ குளிக்கப் போனப்ப திருகத் தளர்த்தி, ஒரே ஒரு தடவ... தட்டினேன்னுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன். அடுத்த வாரம் அட்டை நடுவுக்கு வந்துடுச்சு. நீ ஆப்பிள் பை செஞ்ச."

"வாயத் தொறந்து, கண்ணு போகுதுடின்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"ரெண்டு தடவ சொன்னேன். முதல் தடவ மூணு நாள் பேசல நீ. ரெண்டாவது தடவ பேசின. அதுக்குப் பேசாமயே இருந்திருக்கலாம்."

வெர்லீன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். குரல் இறங்கிவிட்டது. "எனக்கு முன்குறி ரெண்டாத் தெரிஞ்சுது. ஒண்ணு நெஜம், ஒண்ணு அதோட ஆவி. எது எதுன்னு தெரியாம கறுப்பா இருக்கறத வெச்சுச் சுட்டேன். நான் ஆவிய வெச்சுச் சுட்டிருக்கேன். நீ பின்னாலேருந்து துப்பாக்கியையே ஆவிப் பக்கம் திருப்பியிருக்க." போல்ட்டைக் கையில் எடுத்தாள். "அப்ப அந்தக் கோப்பையெல்லாம் உன்னுது."

"இல்ல" என்றான் அவன்.

லோவல் இவ்வளவு சட்டென்று பேசி நான் கேட்டதில்லை. நேரே வீட்டுக்குள் போனான். ஒரு கட்டு அட்டைகளோடு திரும்பி வந்து, மேசைமேல் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தான். எல்லாம் அவள் சுட்டவை, பல வருடங்களில் சேர்ந்தவை.

"நல்லாப் பாரு. இப்பதான் கண்ணு தெரியுதே. ஓட்டைங்க எங்க இருக்குன்னு பாக்காத. ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு கிட்ட இருக்குன்னு பாரு."

பார்த்தோம். சிலவற்றில் ஓட்டைகள் வலது பக்கம், சிலவற்றில் நடுவில். ஆனால் எல்லாவற்றிலும் ஐந்தும் ஒரே கொத்தாக, ஒரு காபிக் கோப்பையின் வாயை வைத்தால் மூடிவிடும் அளவுக்குள் கிடந்தன. கண் தெளிவாக இருந்த வருடத்துக் கொத்தும், தபால் பெட்டியை இடித்த வருடத்துக் கொத்தும் ஒரே அளவு.

"போல்ட்டால நகத்தறது கொத்து எங்க விழணுங்கறத மட்டுந்தான்" என்றான் லோவல். "கொத்த சின்னதாக்கற கருவி எந்தக் கடையிலயும் கிடையாது. மார்னா விப்பாளா, கேளு. பாதிக் குருடா நின்னுக்கிட்டு, ஒரு ஆவியப் பிடிச்சுக்கிட்டு, இத நீ பண்ணியிருக்க. நான் இந்தக் கொட்டகையில தனியா உக்காந்து இதப் பாத்துப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லவும் முடியல."

நான் அந்த அட்டைகளைத் தொடக்கூடக் கூசினேன். எனக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரியும். என் ஓட்டைகளை மூட வாணலி வேண்டும்.

வெர்லீன் எழுந்து வெளியே போனாள். வேலியோரம் சேஜ் புதர்களுக்கிடையில் நடந்து திரும்பி வர நேரம் பிடித்தது. வந்தவள் சுத்தியலை அவன் கையில் வைத்தாள். "கோபம் போகல. அது பாட்டுக்கு இருக்கட்டும். இப்ப இத எடு. நான் பாக்க, என் கண்ணு முன்னால எடு."

மூவருமாகச் செய்தோம். திருகைத் தளர்த்தி, தோல் ஒட்டிய வைஸில் ஸ்லைடைப் பிடித்து, பழைய பின்குறியைக் கழிப்பறை போல்ட்டால்தான் லோவல் தட்டி எடுத்தான். புதுப் பித்தளைப் பஞ்ச் பாக்கெட்டிலேயே கிடந்தது. முன்குறி சுலபமாக மாறியது. புதுப் பின்குறிதான் காடிக்குள் நுழைய மறுத்தது. அந்த இடத்தில்தான் ஆத்திரக்காரர்கள் காடியை அராவிப் பிஸ்டலையே பாழாக்குவார்கள். வெர்லீன் குறியின் அடிப்பக்கத்தை மட்டும், பல்லில்லாத ஓரம் சாய்வில் படும்படி அரத்தைப் பிடித்து, இரண்டு இழுப்பு இழுப்பாள், நுழைத்துப் பார்ப்பாள், துடைப்பாள், மறுபடி இரண்டு இழுப்பு. விரலால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போய் நின்றபோது, "போதும்" என்றான் லோவல். மீதியை அடகுக் கடைக் கருவி தள்ளியது. திருகைச் சுற்றச் சுற்றக் குறி நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவில்லை. வெர்லீன் மட்டும், "போகுது, போகுது, நில்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்த அவள் முகத்தில், மலையைப் பார்த்த அன்றைக்கு இருந்த அதே வியப்பு.

அடுத்த ஞாயிறு குழியில் சுட்டுப் பார்த்து, என் பிக்கப்பின் பின்கதவைத் திறந்து அதன்மேல் கருவியை வைத்து, ஒரு மயிரிழை வலது பக்கம் தள்ளினோம். ஐந்து சுட்டாள். ஐந்தும் நடுவில். காபிக் கோப்பை இப்போது குட்டி எஸ்பிரஸ்ஸோக் கோப்பையாகியிருந்தது. கஸ் அட்டையைப் பார்த்தான், கதையைக் கேட்டு, லோவல் கொண்டுவந்திருந்த போல்ட்டைப் பார்த்தான், "எனக்கும் கக்கூஸ் கழட்டணும்போல" என்றான்.

ஆனால் கோப்பை அந்த வருடம் கஸ்ஸுக்குத்தான் போனது. போட்டி நடுவில் வானத்தில் ஒரு பருந்து வட்டமிட்டது. வெர்லீன் பிஸ்டலைத் தாழ்த்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள், நேரம் முடிந்துவிட்டது. "அதோட ஒவ்வொரு இறகும் தனித்தனியா விரியுது, விரல் மாதிரி" என்றாள். கஸ் கோப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளே அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து சாமான்களை ஏற்றும்போது சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. குழியின் மண் சுவர் முழுக்கச் செம்பு நிறம். வெர்லீன் பிஸ்டலை லோவலிடம் நீட்டினாள்.

"அஞ்சு வருஷமா இதோட குறியத் திருத்தியிருக்க. ஒரு தடவையாவது சுட்டிருக்கியா?"

"உன்னுதாச்சே. சுடல."

"சுடு இப்ப."

அவன் வண்டி ஓட்டும் கைகளால் அதைக் கூச்சத்தோடு பிடித்தான். வெர்லீன் அவன் தோளுக்குப் பின்னால் நின்றாள். சுட்டான். அவள் "ஓ" என்றாள். சின்னப் பிள்ளை சொல்வதுபோல.

"என்ன ஆச்சு?"

"பாத்தேன்."

"எதப் பாத்த?"

"தோட்டாவ. போகும்போது. லோவல், இன்னொண்ணு சுடு. மார்னா, இங்க வா, என் பக்கத்துல நில்லு. வெளிச்சம் பின்னாலேருந்து வருது பாரு, அவன் தோளுக்கு மேல பாரு, அட்டையப் பாக்காத, நடுக்காத்தப் பாரு."

நான் நின்றேன். கஸ்ஸும் கோப்பையோடு வந்து நின்றான். முதல் தடவை எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாவதில், சத்தத்துக்கு அடுத்த கணம், ஒரு செம்புப் பொறி. நெருப்பல்ல. வெயில் பட்ட ஒரு கடுகு, எங்களை விட்டு விலகி விலகிப் போய், முடிவில் லேசாகத் தாழ்ந்து, வெள்ளை அட்டைக்குள் மறைந்தது. எத்தனையோ வருடம் அந்தக் குழியில் சுட்டிருக்கிறேன். இப்படி ஒன்று ஒவ்வொரு தடவையும் அங்கே பறந்து போயிருக்கிறது, நான் பார்த்ததே இல்லை.

"ஆண்டவரே" என்றான் கஸ், தொப்பியைக் கழற்றி.

யாரும் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. ஒருவர் சுட, மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, முறை மாற்றி மாற்றி, வெயில் மண் சுவரை விட்டு மேலேறி மறையும்வரை தோட்டாப் பெட்டிகளைக் காலி செய்தோம். யாருடைய ஓட்டை எங்கே விழுந்தது என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை.